முதல் கூட்டத்துக்குப் போகவிடாத நம்பிக்கைகள்

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் குடியால் தீங்குக்கு உள்ளாகிறார்கள் அல்லது குடியைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் சார்பு நிலையை அடைந்தவர்கள், அதாவது விட நினைத்தாலும் உடலும் மனமும் விடவிடாத நிலைக்கு வந்துவிட்டவர்கள், ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் என்றும் மதிப்பிட்டது. அந்த நிலையில் இருப்பவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சையோ உதவியோ பெற்றதாகவும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே என்றும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. மருத்துவர் குறைவு, மையங்கள் குறைவு, செலவு அதிகம் என்னும் காரணங்கள் மருத்துவமனைக்குப் பொருந்தும்; கட்டணமோ பரிந்துரைக் கடிதமோ கேட்காமல் வாரந்தோறும் நடக்கும் ஆதரவுக் குழுக் கூட்டங்களுக்கு அவை பொருந்தா. அங்கே போகவிடாமல் மக்களைத் தடுப்பவற்றுள் அக்கூட்டங்களைப் பற்றி வாய்வழியாகப் பரவிய செய்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆதரவுக் குழு என்பது, ஒரே துன்பத்தில் அகப்பட்டவர்கள் மருத்துவரோ ஆலோசகரோ தலைமை தாங்காமல் தாமாகக் கூடி, பட்டதையும் மீண்டதையும் பகிர்ந்துகொண்டு ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் அமைப்பு. குடிநோய்க்கான குழுக்களில் பரவலாக அறியப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பேச்சு வழக்கில் ஏ.ஏ. எனப்படும் தோழமை; பெயரை வெளியிடாத குடிநோயாளிகளின் கூட்டமைப்பு என்பது அதன் பொருள். நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சனும் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் 1935இல் சந்தித்ததிலிருந்து தொடங்கிய இத்தோழமை 1957இல் டெல்லி வழியாக இந்தியாவுக்கு வந்தது.

“மனசு வைத்தால் போதும், கூட்டம் எதற்கு?”

இந்த நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் கைவசம் ஒரு சான்று எப்போதும் உண்டு. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்ட ஒருவர் ஒரு மண்டலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடாமல் இருந்துவிட்டு, மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய சில நாட்களிலேயே பழையபடி கடை வாசலில் நிற்பதைப் பார்க்கும் வீட்டார், அப்போது முடிந்தவருக்கு இப்போது முடியாமல் போனது திமிரால்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த நாட்களில் அவரைத் தாங்கி நின்றவை எவை என்று எண்ணிப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கும். குருசாமி ஒருவர் கண்டிப்புடனும் அன்புடனும் உடனிருக்கிறார். காலையிலும் மாலையிலும் கூடிப் பாடும் சாமிமார்கள் இருக்கிறார்கள். தெருவே அவரைச் சாமி என்று அழைப்பதால் பழைய கூட்டாளிகள்கூட அவரைக் குடிக்கக் கூப்பிடத் தயங்குகிறார்கள். மாலைப் பொழுதில் என்ன செய்வது என்னும் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விடை இருக்கிறது. மாலையைக் கழற்றும்போது இவை அனைத்தும் ஒரே நாளில் விலகிவிட, அவர் தம் மன உறுதியை மட்டும் துணையாகக் கொண்டு பழைய தெருவுக்குத் திரும்புகிறார். ஆகவே மாலை போட்ட நாட்கள் மெய்ப்பிப்பது தனிமனிதனின் உறுதியை மட்டும் அன்று, துணையின் வலிமையையும்தான். ஆதரவுக் குழு தர முயல்வது அத்தகைய துணையை, கழற்றும் நாள் என்று ஒன்று குறிக்கப்படாத வகையில்.

பிள்ளையின் தலையில் அடித்துச் செய்யும் சத்தியமும், கோயிலில் கட்டிக்கொள்ளும் கயிறும் இனி வாழ்நாள் முழுவதும் தொடமாட்டேன் என்னும் பெரும் வாக்கைக் கேட்கின்றன. கூட்டங்களில் அப்படிப்பட்ட வாக்கு எதுவும் வாங்கப்படுவதில்லை. இன்றைய இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் குடிக்காமல் இருப்பது என்பதே அங்கே பேசப்படும் அளவு. வாக்கு உடைந்த குற்றவுணர்வைத் தாங்க முடியாமல் மேலும் குடிக்கும் பலருக்கு இந்தச் சிறிய அளவு உண்மையிலேயே பேருதவியாக அமைகிறது.

“முழுவதும் நிறுத்திய பிறகுதான் போக வேண்டும்”

தோழமையின் மரபு இதற்கு நேர் எதிரானது. ஏ.ஏ.யில் உறுப்பினராவதற்குக் கேட்கப்படும் ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். நிறுத்திவிட்டதற்கான சான்று எவரிடமும் கேட்கப்படுவதில்லை. அன்று குடித்துவிட்டு வந்தவரையும் பிறருக்கு இடையூறு செய்யாத வரையில் உட்காரவைத்து, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்குமாறு சொல்லும் குழுக்கள் பல.

இந்த நம்பிக்கையின் மறுபக்கம்தான் கூடுதல் கவலைக்குரியது. கூட்டத்துக்குப் போகும் தகுதியை அடைவதற்காகவோ, விரதத்துக்காகவோ, வீட்டில் நடந்த சண்டையின் சூட்டிலோ, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் முழுவதுமாக நிறுத்திவிடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மது மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்தும் பொருள். அது நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், அந்த மந்தத்தை ஈடுகட்ட மூளை தன்னைத் தானே எந்நேரமும் முடுக்கிவிட்டுக்கொள்ளப் பழகுகிறது. மது திடீரென்று நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் தடுப்பாரின்றி எஞ்சுகிறது. விலகல் அறிகுறிகள் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு ஆகியவை தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் சன்னி நிலை ஏற்பட்டு, இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும், இடமும் ஆளும் விளங்காமல் போவதும், காய்ச்சலும், இதயத் துடிப்பின் தாறுமாறும் சேர்ந்து உயிரைப் பறிக்கவும் கூடும். இதைப் பார்த்த வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்றோ, குடியை விட்டதால் உடம்பு கெட்டுவிட்டது என்றோ எண்ணி மீண்டும் மதுவையே வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது.

காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்னும் நிலையில் இருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ சன்னியோ கண்டவர், கல்லீரல் நோயோ வேறு பெரிய நோயோ உள்ளவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது. மருத்துவர் டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்துகளைச் சில நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து மூளையை அமைதிப்படுத்துவார். தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைபாட்டால் நிலையான மறதி நோய் ஏற்படாதிருக்க அதையும் சேர்த்துத் தருவார். இம்மருந்துகளே பழக்கமாகிவிடக் கூடியவை என்பதாலும், மதுவோடு சேர்ந்தால் மூச்சை ஒடுக்கக் கூடியவை என்பதாலும் மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்குவதற்கு உரியவை அல்ல. வலிப்போ குழப்பமோ தொடங்கிவிட்டால் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

கூட்டமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று போட்டி என்று எண்ணுவதற்குத் தோழமையின் வரலாற்றிலும் இடமில்லை. பில் வில்சன் குடியை நிறுத்தியது 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில், வில்லியம் சில்க்வொர்த் என்னும் மருத்துவரின் கவனிப்பில் இருந்தபோது. வில்சனும் பாப் ஸ்மித்தும் அடுத்ததாகத் தேடிச் சென்ற மூன்றாமவரை ஆக்ரன் நகர மருத்துவமனைப் படுக்கையில்தான் சந்தித்தார்கள். பிற்காலத்தில் பாப் ஸ்மித், அதே நகரத்துப் புனித தாமஸ் மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியாவுடன் சேர்ந்து ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ மருந்து உண்பவர் அதை நிறுத்த வேண்டும் என்று கூட்டத்தில் எவரேனும் சொன்னால், அது அவருடைய சொந்தக் கருத்தே ஒழிய தோழமையின் நிலைப்பாடு அன்று. உறுப்பினர் எவரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்பதை ஏ.ஏ. தன் வெளியீட்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

“எங்கே நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது”

கூட்டங்கள் பெரும்பாலும் பெயர்ப்பலகை இல்லாத அறைகளில், பள்ளி விட்ட பிறகு வகுப்பறையிலோ தேவாலய வளாகத்துக் கூடத்திலோ மருத்துவமனையின் ஓர் அறையிலோ நடப்பதால் இந்த எண்ணம் எழுகிறது. ஆனால் கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. ஏ.ஏ.யின் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இயங்குகிறது; வட்டாரக் குழுக்களை ஒருங்கிணைக்கும் அலுவலகங்கள் இன்டர்குரூப் எனப்படுகின்றன; இவற்றின் தொலைபேசி உதவி எண்களில் பேசுபவர் பெரும்பாலும் தாமே குடியிலிருந்து மீண்ட உறுப்பினராக இருப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டாலும் அருகிலுள்ள குழுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வாய்ப்புண்டு. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446இலும், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இலும் வழிகாட்டுதல் பெறலாம்.

தொலைபேசியில் மறவாமல் கேட்க வேண்டிய கேள்வி, அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்பது. மூடிய கூட்டத்துக்குக் குடியை விட விரும்புபவர்கள் மட்டுமே போகலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவி, சகோதரர், மருத்துவ மாணவர் என எவரும் போகலாம். தனியாகப் போகக் கூசுபவருக்குத் திறந்த கூட்டம் ஏற்றது. கேட்டுக்கொண்டால் உறுப்பினர் ஒருவர் பேருந்து நிறுத்தத்துக்கே வந்து அழைத்துப் போகவும் கூடும்.

“எல்லார் முன்னாலும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்”

திரைப்படங்கள் பரப்பிய இந்த அச்சம் எண்ணற்றவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது என்பதால், அறைக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது. கூட்டம் பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். உறுப்பினர்களுள் ஒருவர் முறைவைத்து அன்றைய கூட்டத்தை நடத்துவார். தொடக்கத்தில் சிறு மௌனமும், தோழமையின் நோக்கத்தைச் சொல்லும் ஒரு பகுதியின் வாசிப்பும், பல இடங்களில் பன்னிரு படிகள் எனப்படும் மீட்பு நெறிகளின் வாசிப்பும் இருக்கும். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தம் குடி வாழ்வையும், அது நின்ற விதத்தையும், இப்போதைய நாட்களையும் சொல்வார்கள். இதற்குப் பகிர்வு என்று பெயர். ஒருவர் பகிரும்போது மற்றவர் குறுக்கிடுவதோ முடிந்ததும் அறிவுரை கூறுவதோ வழக்கமில்லை. குடிப்பவருக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் அறிவுரை குறைவின்றிக் கிடைக்கிறது; தன்னைத் திருத்த முயலாமல் ஒருவர் தம் கதையை மட்டும் சொல்லக் கேட்பது அவருக்குப் பல ஆண்டுகளில் முதன்முறையாக இருக்கலாம்.

புதிதாக வந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்பது பல குழுக்களின் வழக்கம். கையைத் தூக்குவதும் தூக்காமல் இருப்பதும் வந்தவரின் விருப்பம். தம் பெயரைச் சொல்லலாம், வேறொரு பெயரைச் சொல்லலாம், கேட்க மட்டுமே வந்திருப்பதாகவும் சொல்லலாம். தம்மைக் குடிநோயாளி என்று அழைத்துக்கொள்ளுமாறு எவரும் வற்புறுத்துவதில்லை; தமக்கு அந்த நோய் இருக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யட்டும் என்று விடப்படுகிறது. நடுவே காணிக்கைப் பை ஒன்று சுற்றி வரும். அறை வாடகைக்கும் தேநீருக்குமான அந்தச் சிறு தொகையை உறுப்பினர்கள் தாமே போட்டுக்கொள்வார்கள், புதியவர் போட வேண்டியதில்லை. வெளியார் நன்கொடையை ஏ.ஏ. ஏற்பதில்லை என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. கூட்டம் முடிந்த பின் தேநீரோடு நடக்கும் பேச்சில் சிலர் தொலைபேசி எண்களைத் தருவார்கள். இரவு பத்து மணிக்குக் குடிக்கத் தோன்றும்போது கூப்பிடுவதற்கு ஓர் எண் கையில் இருப்பது அன்றைய கூட்டத்தின் மிகப் பெரிய பயனாகவும் அமையலாம். புதியவர்களுக்கு வழித்துணையாக இருக்கும் மூத்த உறுப்பினர் ஸ்பான்சர் எனப்படுகிறார். அவரைத் தேர்ந்தெடுக்க முதல் நாளே அவசரப்பட வேண்டியதில்லை.

“ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்”

தெருமுனை மதுக்கடையில் நாள்தோறும் பலர் பார்க்க நின்றவர், மூடிய அறை ஒன்றில் பத்துப் பேர் பார்ப்பார்களே என்று அஞ்சுவது முரணாகத் தோன்றினாலும், அந்த அச்சம் உண்மையானது. குடியைவிடக் குடிக்குச் சிகிச்சை தேடுவதே வெட்கம் என்று கருதும் சமூகம் அதை வளர்த்திருக்கிறது. அங்கே பார்த்தவரையும் கேட்டதையும் வெளியே சொல்வதில்லை என்பது தோழமையின் அடிப்படை மரபு. ஆயினும் அது சட்டக் கட்டாயம் அன்று, ஒருவருக்கொருவர் காக்கும் நம்பிக்கையே என்பதையும் மறைக்கக் கூடாது. மருத்துவரிடம் சொல்வதற்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மறைகாப்பு உரிமையைத் தருகிறது. மது சார்ந்த மனநிலைக் கோளாறுகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. சக உறுப்பினரிடம் சொல்வதற்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லாததால், வழக்கு, வேலை தொடர்பான சிக்கல்கள் போன்றவற்றைப் பொதுக் கூட்டத்தில் விரிவாகப் பகிராமல் தனியே வைத்துக்கொள்வது விவேகம். சிற்றூர்களில் வசிப்பவர்கள் பக்கத்து நகரத்துக் கூட்டத்துக்குப் போவதும், கொரோனா காலத்துக்குப் பின் பரவலாகியுள்ள இணையவழிக் கூட்டங்களில் முகம் காட்டாமல் தொடங்குவதும் ஏற்கத்தக்க வழிகளே.

பெண்களுக்கு இந்த அச்சம் பன்மடங்கு கூடுதல். ஆண்கள் மட்டுமே நிறைந்த அறைக்குள் ஒரு பெண் முதன்முறையாகத் தனியே நுழைவதன் கடினத்தைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. பெண்களுக்கான கூட்டம் உண்டா, பெண் உறுப்பினர் ஒருவருடன் முன்கூட்டியே பேச முடியுமா என்று உதவி எண்ணில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

“அது மதம் மாற்றும் கூட்டம்”

தேவாலயக் கூடங்களில் நடக்கும் கூட்டங்களும், இறுதியில் சொல்லப்படும் மனஅமைதிக்கான வேண்டுதலும் இந்த ஐயத்துக்குக் காரணம். கூடம் வாடகைக்கு எடுக்கப்பட்டதே தவிர அத்திருச்சபைக்கும் குழுவுக்கும் தொடர்பில்லை. எனினும் சமயச் சாயலே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது: ஏ.ஏ. ஆக்ஸ்போர்டு குரூப் என்னும் கிறித்துவ இயக்கத்தின் நடுவே பிறந்து 1930களின் இறுதியில் அதிலிருந்து பிரிந்தது. பன்னிரு படிகளில் ஆறு, கடவுளையோ தம்மைவிட உயர்ந்த ஓர் ஆற்றலையோ குறிப்பிடுகின்றன. 1939இல் வெளிவந்த தோழமையின் நூலை எழுதும்போதே கடவுள் நம்பிக்கையற்ற உறுப்பினர்கள் வாதிட்டதால், அந்த ஆற்றல் எது என்பதை அவரவர் புரிதலுக்கு விடும் சொற்கள் சேர்க்கப்பட்டன. முருகனை எண்ணுபவரும், அல்லாவை எண்ணுபவரும், அந்தக் குழுவையே தம்மைவிடப் பெரிய ஆற்றலாகக் கொள்ளும் பகுத்தறிவாளரும் ஒரே வரிசையில் அமர இடமுண்டு. அதுவும் ஒவ்வாதவர்களுக்கு, 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி போன்று உளவியல் பயிற்சிகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட குழுக்கள் இருக்கின்றன. ஒன்று பொருந்தாததால் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை.

“வீட்டார்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்”

வாசல் வரை துணையாகப் போவதும், திறந்த கூட்டத்தில் உடன் உட்காருவதும் பெரும் உதவி. மிரட்டிக் கூட்டிப் போய் உட்காரவைப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. அதைவிடத் தீங்கானது, குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றிலும் குழம்பிலும் மருந்து கலந்து கொடுப்பது. டைசல்ஃபிரம் என்னும் மருந்து, மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருள் வெளியேறாமல் தேங்கச் செய்வதால், அதை உண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சில வேளைகளில் உயிரும் போகலாம்; ஆதலால் நோயாளி அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் உண்ணும்போது மட்டுமே அது மருந்தாகிறது. குடும்பத்தாருக்கென்று தனியாக 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் வில்சன் முன்னின்று உருவாக்கிய அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையமும் குடும்பத்தினரைச் சிகிச்சையின் பகுதியாகவே சேர்த்துக்கொள்கிறது. குடிப்பவர் ஒரு கூட்டத்துக்கும் போக மறுத்தாலும் அவருடைய மனைவி தமக்கான கூட்டத்துக்குப் போகலாம். அதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை.

“போனவர்களும் மறுபடி குடிக்கத்தானே செய்கிறார்கள்?”

சிலர் குடிக்கிறார்கள். ஆயினும் கூட்டங்களால் பயனில்லை என்னும் முடிவுக்கு ஆராய்ச்சி துணை நிற்கவில்லை. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகுமாறு முறையான பயிற்சியோடு வழிநடத்தப்பட்டவர்களில் ஓராண்டு கழித்து முழுவதும் குடிக்காமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 42 விழுக்காடு. வேறு உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 விழுக்காடு. வேறுபாடு மலையளவு இல்லை என்பதும், இருவகையிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டுக்குள் ஒருமுறையேனும் குடித்தார்கள் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கின்றன. கட்டணமின்றி ஆயுள் முழுவதும் தொடரக்கூடிய ஓர் அமைப்பு, பயிற்சி பெற்ற வல்லுநர்களின் சிகிச்சைக்கு நிகராகவோ சற்று மேலாகவோ நிற்பது சிறிய செய்தி அன்று.

பாப் ஸ்மித் பில் வில்சனை முதன்முதலில் சந்தித்தது 1935 மே 12 அன்று. பதினைந்து நிமிடம் என்று எண்ணிப் போன அந்தச் சந்திப்பு ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அதன்பின் சில வாரங்கள் குடிக்காமல் இருந்த ஸ்மித், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போனவர் மீண்டும் மிகுதியாகக் குடித்துவிட்டே ஊர் திரும்பினார். ஜூன் 10 காலையில் அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. கை நடுக்கம் அடங்குவதற்காக வில்சனே அவருக்கு ஒரு பீர் கொடுத்ததாகத் தோழமையின் வரலாறு சொல்கிறது. அதுவே ஸ்மித்தின் கடைசிக் குடி; ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது, மீண்டும் குடித்த ஒருவர் திரும்பி வந்த அந்த நாளைத்தான்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போனால் வேறொரு குழுவின் கூட்டத்தைப் பார்ப்பது முறை. குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் சூழலும் பெரிதும் வேறுபடுவதால், சில கூட்டங்களுக்காவது போன பிறகே முடிவு செய்யுமாறு பழைய உறுப்பினர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சில மாதம் போய்விட்டு இடையில் குடித்தவர் திரும்பி வரும்போது காரணம் கேட்டு எவரும் நிறுத்துவதில்லை. மீண்டும் முதல் இருபத்து நான்கு மணி நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குவார். ஆனால் குடித்து நிறுத்துவதும், மறுபடி குடித்து மறுபடி நிறுத்துவதுமாகத் தொடரும்போது விலகல் அறிகுறிகள் ஒவ்வொரு முறையும் கடுமையாகக்கூடும் என்பதால், சென்ற முறை நடுக்கத்தோடு முடிந்தவருக்கு இம்முறை வலிப்பு வர வாய்ப்புண்டு. ஆகவே நாள்தோறும் குடிக்கும் நிலைக்குத் திரும்பிவிட்டவர் நிறுத்தும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும், கூட்டத்துக்கு அந்த வாரமே போகலாம்.